புள்ளி விடுபட்ட சந்திப்பு: மின்சுற்று வரைபடம் படிக்கக் கற்றல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

சென்ற ஆண்டு ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரத்தில், புளியரைச் சாலையிலுள்ள ஓர் எடைமேடையிலிருந்து செங்கோட்டையில் நான் நடத்தும் பழுதுநீக்கும் கடைக்கு ஒரு மின்வழங்கிப் பெட்டி வந்தது. நான்கு கண்காணிப்புக் கேமராக்களுக்கு 12 வோல்ட் மின்சாரம் கொடுக்கும், 5 ஆம்பியர் திறனுள்ள, எஸ்எம்பிஎஸ் என்று கடைகளில் அழைக்கப்படும் வகை அது. இணைப்புக் கொடுத்தால் அதன் பச்சை விளக்கு மங்கலாகத் துடித்தது; உள்ளிருந்து சில்வண்டு கத்துவதுபோல ஒரு சன்னமான ஒலி விடாமல் வந்தது; கேமரா ஒன்றுகூட உயிர்பெறவில்லை.

பழுது பார்ப்பவர்களுக்கு இது புதிய நோயே அல்ல. நானே எடுத்திருந்தால் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு அன்று மாலையே மறந்திருப்பேன். ஆனால் எடைமேடைக்காரருக்கு மாற்றுப் பெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்ததால் அவசரம் இல்லை. எனவே கடையில் ஐந்து மாதமாகத் தொழில் பழகிவந்த இளைஞரிடம் அதை ஒப்படைத்து, ஒரு பாகத்தையும் கழற்றி மாற்றிப் பார்க்காமல், வரைபடத்தைப் படித்தே எது கெட்டது என்று சொல்ல வேண்டும் என நிபந்தனை போட்டேன். அதற்கு ஒன்பது நாட்கள் ஆயின. அந்த ஒன்பது நாட்களில் அவர் எங்கெல்லாம் தடுக்கினார், எந்த இடத்தில் வரைபடம் அவருக்குத் திறந்தது, அந்தத் தாமதத்தில் என் பங்கு எவ்வளவு என்பவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

கற்பவர்

இருபது வயது. தொழிற்பயிற்சி நிலையத்தில் எலெக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவில் இரண்டாண்டுகள் படித்துச் சான்றிதழ் பெற்றவர். கைவேலை சுத்தம், ஈயம் வைத்தால் பொட்டு வைத்ததுபோல் இருக்கும். மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரின் நிறப்பட்டைகளைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் மதிப்புச் சொல்லிவிடுவார். ஆனால் ஒரு போர்டைக் கையில் கொடுத்தால், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கண்டென்சர்களில் உப்பியிருப்பதைத் தேடுவார், கருகிய இடத்தைத் தேடுவார், இரண்டும் இல்லையென்றால் ஐசி எனப்படும் சில்லை மாற்றிப் பார்க்கவா என்று கேட்பார். எங்கள் தொழிலில் பலர் வாழ்நாள் முழுவதும் இப்படியே வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதால் இதை இகழ்ந்து சொல்லவில்லை. ஆயினும் கண்ணுக்குத் தெரியாத பழுது வரும் நாளில் அந்த வழி முட்டுச்சந்தில் போய் நின்றுவிடும்.

அவரை வரைபடத்துக்குள் இழுக்க நான் முதலில் எடுத்த முயற்சி முற்றிலும் வீணானது. குறியீடுகள் அனைத்தும் அச்சிட்ட ஒரு பெரிய தாளைச் சுவரில் ஒட்டி, மூன்று வாரம் அவற்றைச் சொல்லிக்கொடுத்தேன். ரெசிஸ்டரை நெளிகோடாகவும் போடுவார்கள், ஐஇசி 60617 என்ற பன்னாட்டுத் தரப்படி வெறும் செவ்வகமாகவும் போடுவார்கள், 4.7 கிலோ ஓம் என்பதைப் புள்ளி அழிந்துபோனாலும் குழப்பம் வராதபடி 4கே7 என்று எழுதுவார்கள். டயோடின் முக்கோணம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் மின்னோட்டம் போகும். இவையெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும், தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார். எழுத்துக்கூட்டத் தெரிந்தவரிடம் மூன்று வாரமாக அரிச்சுவடியையே நான் நடத்திக்கொண்டிருந்தேன். அவர் பொறுமைசாலி, மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

தாள்

பெட்டியின் மூடியைத் திறந்தபோது உள்ளே எட்டாக மடித்த ஒரு நோட்டுத் தாள் இருந்தது. நீல மையில் அந்தப் பெட்டியின் முழு மின்சுற்றும் கையால் வரையப்பட்டிருந்தது. ஓரங்களில் பென்சிலால் மலையாளக் குறிப்புகள். மூன்று ஆண்டுகளுக்கு முன், மலைக்கு அப்பால் கேரளத்திலுள்ள ஆரியங்காவு பக்கத்து மெக்கானிக் ஒருவரிடம் பழுது பார்த்ததாக எடைமேடைக்காரர் பிறகு சொன்னார். அச்சிட்ட வரைபடம் கிடைக்காத இத்தகைய பெட்டிக்கு, போர்டை வெளிச்சத்தில் பிடித்துச் செப்புத் தடங்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து படம் வரைவது சில மணி நேர வேலை. அப்படி வரைந்ததைத் தொழில் ரகசியம் என்று மேசைக்குள் பூட்டி வைப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அடுத்து யாரோ திறக்கப் போகிறார் என்பதற்காகப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போன அந்த முகம் தெரியாத மனிதருக்கு நாங்கள் இருவரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியின் கீழ் இருந்த ஊர். என் தாத்தா பள்ளியில் மலையாளம் படித்தவர். அவரிடமிருந்து எழுத்துகளை மட்டும் நான் கற்றிருந்தேன். இளைஞருக்கு அது தெரியாது. ஆகவே குறிப்புகளை நான் வாசித்துச் சொல்வது, படத்தை அவர் வாசிப்பது என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். பெரும்பாலான குறிப்புகள் மின்னழுத்த அளவுகளே. ஒன்று மட்டும் வேறு மாதிரி: டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைக் கம்பிச்சுற்றுக்கு அருகே இருந்த 47 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டரின் பக்கத்தில் “சூடு கூடுதல்” என்று எழுதியிருந்தது. தமிழில் வாசித்தாலும் பொருள் மாறாத அந்த இரண்டு சொற்களை நான் வாசித்துக் காட்டினேன், அவர் தலையாட்டினார், இருவரும் அதைத் தாண்டிப் போய்விட்டோம்.

முதல் தடுமாற்றங்கள்

முதல் நாளே ஐசியில் தடுக்கியது. அதில் இருந்தது யூசி 3842 என்ற, எட்டுக் கால்கள் கொண்ட கட்டுப்பாட்டு ஐசி. படத்தில் அதன் 7ஆம் கால் மேலே இருந்தது, 5ஆம் கால் கீழே இருந்தது, 6ஆம் கால் வலப்பக்கம் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. இளைஞர் போர்டிலும் அதே இடங்களில் கால்களைத் தேடி, மீட்டர் முனையை வேறெங்கோ வைத்து, வராத மின்னழுத்தத்துக்காகக் காத்திருந்தார். ஐசியின் உடலில் கால்கள் அதன் வெட்டுக்குறியின் இடப்பக்கத்திலிருந்து தொடங்கி இறங்கி, மறுபக்கம் ஏறி எண்ணப்படுகின்றன. வரைபடத்திலோ மின்சாரம் வரும் கால் மேலே, தரையிணைப்பு கீழே, உள்ளே வருவது இடப்பக்கம், வெளியே போவது வலப்பக்கம் என்று வேலையை வைத்து இடம் கொடுக்கிறார்கள்.

இதை விளக்க எங்கள் ஊர் ரயில் தடமே உதவியது. 1904இல் திறந்து, அகலப்பாதையாக்கத்துக்காக மூடி, 2018இல் மீண்டும் முழுமையாகத் திறந்த அந்தத் தடத்தில் பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று ஊர்களின் வரிசையை எங்கள் பக்கம் சிறுபிள்ளையும் சொல்லும். கால அட்டவணையில் அவை ஒன்றன் கீழ் ஒன்றாக நேராக நிற்கின்றன. குகைகளும், பதின்மூன்று கண் பாலமும், மலையைச் சுற்றி வளையும் வளைவுகளும் அதில் இல்லை. எதற்குப் பிறகு எது என்பதற்கு அட்டவணை பொறுப்பு. எது எங்கே இருக்கிறது என்பதற்குப் பொறுப்பில்லை. மின்சுற்று வரைபடமும் அத்தகையதே என்றேன். அவர் உடனே பிடித்துக்கொண்டார். ஆனால் இந்த உவமையின் மறுபாதியை நானே மறந்துவிட்டேன் என்பது எட்டாம் நாள் தெரியவந்தது.

இரண்டாவது தடுமாற்றம் ஆபத்தானது. படத்தில் தரையிணைப்புக்கு இரண்டு குறியீடுகள் இருந்தன: சுற்றின் இடப்பாதியில் உள்ளே நிரப்பப்படாத முக்கோணம், வலப்பாதியில் மூன்று குறுங்கோடுகள். இரண்டும் எர்த்துதானே என்று எடுத்துக்கொண்ட இளைஞர், மீட்டரின் கறுப்பு முனையை 12 வோல்ட் வெளியீட்டின் எதிர்முனையில் வைத்து, சிவப்பு முனையால் ஐசியின் 7ஆம் காலைத் தொட்டார். வந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. இடப்பாதி முழுவதும் நேரடியாக மின்வாரிய மின்சாரத்தோடு தொடர்புள்ளது. 230 வோல்ட் மாறுமின்சாரம் நான்கு டயோடுகள் வழியாகப் போய்ப் பெரிய கண்டென்சரில் 325 வோல்ட் அளவுக்கு நேர்மின்சாரமாகத் தேங்கி நிற்கிறது. அந்தப் பாதியின் தரையைத் தொட்டாலே உயிருக்கு ஆபத்து. கடை வழக்கில் அதைச் சூடான தரை என்போம். வலப்பாதி பயனர் கை படும் பகுதி. இரண்டுக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மரும், ஒளியால் மட்டும் செய்தி கடத்தும் பிசி 817 என்ற ஆப்டோவும், ஒரு சிறு பாதுகாப்புக் கண்டென்சரும் மதில்போல நிற்கின்றன. மின்னோட்டம் எல்லை மீறாமல் தடுக்கத் தொடராகச் சேர்க்கும் சீரியஸ் பல்பு வழியாகவே இணைப்புக் கொடுக்க வேண்டும், நிறுத்திய பின் பெரிய கண்டென்சரை ஒரு ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டே கை வைக்க வேண்டும் என்ற விதிகளை அவர் பின்பற்றியே வந்தார். அவை எதற்காக என்பது அந்தக் குறியீடுகளின் வேறுபாட்டைப் படித்த அன்றுதான் அவருக்கு விளங்கியது.

அன்று மாலை சுவரிலிருந்த குறியீட்டுத் தாளைக் கிழித்துப் போட்டேன். கைப்படத்தை நகலெடுத்து, நான்கு வண்ணப் பென்சில்களைக் கொடுத்து, உறுப்புகள் எதையும் பார்க்காமல் கோடுகளை மட்டும் வண்ணமிடச் சொன்னேன்: 325 வோல்ட் கோடு சிவப்பு, சூடான தரை கறுப்பு, ஐசிக்கு மின்சாரம் கொடுக்கும் கோடு பச்சை, 12 வோல்ட் பக்கம் நீலம். எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் பழைய வானொலிப் பெட்டியின் பின்மூடியில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டி, “பேட்டரியின் ஒரு முனையில் கிளம்பு, மறுமுனைக்கு வந்து சேர், வந்து சேர முடியாத வழியில் மின்சாரமும் போகாது” என்று மட்டுமே சொல்வார். 1845இல் கிர்ச்சாஃப் வகுத்த மின்சுற்று விதிகளை இளைஞர் மனப்பாடமாக ஒப்பிப்பார்; ஒரு கோட்டில் விரலை வைத்து, அது எங்கே போய் எப்படித் திரும்புகிறது என்று அவர் முதன்முறையாகத் தேடியது அந்தப் பென்சில்களோடுதான்.

விடுபட்ட புள்ளி

பச்சைக் கோட்டை வண்ணமிடும்போது சிக்கல் வந்தது. 325 வோல்ட் கோட்டிலிருந்து 150 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு தொடராக இறங்கி ஐசியின் 7ஆம் காலுக்கு வருகின்றன. டிரான்ஸ்ஃபார்மரில் ஐசிக்கு மின்சாரம் தரவென்றே உள்ள சிறு கம்பிச்சுருளான துணைச் சுற்றிலிருந்து ஒரு டயோடு வழியாகக் கிளம்பும் இன்னொரு கோடு, இந்த இறங்கும் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய், சி7 என்ற 47 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரைச் சேர்கிறது. வெட்டும் இடத்தில் புள்ளி இல்லை. புள்ளி இல்லாமல் வெட்டும் கோடுகளுக்குத் தொடர்பில்லை என்பது அவர் படித்த பாடம். எனவே பச்சையை அங்கேயே நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலை, நான் கடை திறப்பதற்கு முன்பே, கையில் தாளோடு வாசலில் நின்றார். “அண்ணாச்சி, இந்தப் படப்படி இந்தப் பெட்டி ஒருநாளும் ஓடியிருக்க முடியாது” என்றார்.

அவர் போட்டிருந்த கணக்கு இது. 320 வோல்ட்டில் தொடங்கி 16 வோல்ட்டில் முடியும் பாதையில் 300 கிலோ ஓம் இருந்தால், போகும் மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியர். யூசி 3842இன் தரவுத்தாளில் தூங்கும் நிலைக்கு அரை மில்லி ஆம்பியர் அளவு போதும், ஓடும் நிலைக்கு 11 மில்லி ஆம்பியர் அளவு வேண்டும் என்று இருக்கிறது. 1 மில்லி ஆம்பியரை வைத்துக்கொண்டு ஐசி விழித்தெழலாம், நடக்க முடியாது. ஆகவே துணைச் சுற்றின் மின்சாரம் 7ஆம் காலுக்கு வந்தே ஆக வேண்டும். கண்டென்சரும் அங்கேதான் இருக்க வேண்டும். வரைந்தவர் புள்ளி வைக்க மறந்திருக்கிறார்.

நான் அதே முடிவுக்கு வேறு வழியில் முன்பே வந்திருந்தேன். அந்த மெக்கானிக் தொடர்பில்லாத கோடுகள் வெட்டும் மற்ற எல்லா இடங்களிலும், பழைய வழக்கப்படி, ஒரு கோட்டைச் சிறு வளைவாகத் தாண்டவிட்டிருந்தார். இந்த ஓர் இடத்தில் வளைவும் இல்லை, புள்ளியும் இல்லை. வரைந்தவரின் கைவழக்கத்தை வைத்து நான் ஊகித்ததை, அவர் கணக்கை வைத்து நிறுவினார். இரண்டில் அவருடையதே மேலானது, ஏனெனில் வரைந்தவர் வேறொருவராக இருந்தாலும் அந்தக் கணக்கு நிற்கும். மீட்டரைத் தொடர்ச்சிப் பரிசோதனையில் வைத்துப் போர்டில் பார்த்தபோது, இரண்டு தடங்களும் இணைந்தே இருந்தன.

ஐந்து மாதத்தில் அவர் முதன்முதலாக ஒரு வரைபடத்தைப் படித்தது அந்தக் காலையில்தான் என்பது என் கருத்து. காகிதத்தில் இல்லாத ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று சொல்ல முடிகிறவர்தான் காகிதத்தில் உள்ளதையும் படித்திருக்கிறார்.

ஏமாற்றிய 13 வோல்ட்

இப்போது 7ஆம் காலைச் சரியான தரையிலிருந்து அளந்தார். டிஜிட்டல் மீட்டர் 13 வோல்ட் அளவு காட்டியது. பெரிதாக ஆடவும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஐசிக்கு அது ஆரோக்கியமான எண். ஆகவே ஐசிக்கு மின்சாரம் சரி, கோளாறு வேறிடம் என்று முடிவுகட்டி, அன்று பகல் முழுவதும் வெளியீட்டு டயோடையும், ஐசி சொல்கிறபடி மின்னோட்டத்தை வேகமாகத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டையும் சோதித்தார். இரண்டும் நலம்.

அந்த ஐசியின் இயல்பு இங்கே முக்கியம். 7ஆம் காலில் 16 வோல்ட் ஏறிய பிறகே அது இயங்கத் தொடங்கும். 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். சி7 மெதுவாக நிரம்பி 16ஐத் தொடும். ஐசி விழித்து மாஸ்ஃபெட்டை இயக்கும். அதற்குத் தேவையான மின்சாரத்தை முதல் சில மில்லி விநாடிகளுக்குச் சி7தான் தன் இருப்பிலிருந்து கொடுக்கும். அதற்குள் வெளியீடு எழும்பினால் துணைச் சுற்றும் எழும்பிப் பொறுப்பை ஏற்கும். ஏற்காவிட்டால் 10க்கு விழுந்து, ஐசி நின்று, மறுபடி நிரம்பத் தொடங்கும். இந்த ஏற்ற இறக்கத்தின் சராசரியே மீட்டர் காட்டிய 13.

இதை நான் அவருக்குச் சொல்லவில்லை. பழைய முள் மீட்டரை எடுத்து மேசைமேல் வைத்தேன், அவ்வளவுதான். முள் 13க்கு அருகே நின்று நடுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தாளை இழுத்துப் போட்டு எழுத ஆரம்பித்தார். 10இலிருந்து 16க்கு ஏற 6 வோல்ட். கண்டென்சர் 47 மைக்ரோ ஃபாரட். வருவது 1 மில்லி ஆம்பியர், தூங்கும் ஐசி பாதியைத் தின்றுவிட்டால் மிச்சம் அரை மில்லி ஆம்பியர். பெருக்கி வகுத்தால் 0.56 விநாடி. அதாவது ஐசி விநாடிக்கு இரண்டு தடவைக்கும் குறைவாகவே எழ முயல வேண்டும். காதுக்கு டிக், டிக் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

நாங்கள் இருவரும் பெட்டியைப் பார்த்தோம். அது சில்வண்டுபோல் கத்திக்கொண்டிருந்தது. விநாடிக்கு இருபது தடவையாவது இருக்கும்.

“பத்து மடங்கு வேகம், அண்ணாச்சி. அப்படீன்னா சி7 பத்தில ஒரு பங்காச் சுருங்கியிருக்கணும்.”

கழற்றி அளந்து பார்க்க அப்போதுதான் அனுமதித்தேன். 47 மைக்ரோ ஃபாரட் என்று உடலில் எழுதியிருந்த அந்தக் கண்டென்சரில் 4க்குச் சற்று மேல்தான் மிஞ்சியிருந்தது. உப்பவில்லை, கசியவில்லை, மேல்மூடி புதிதுபோல் தட்டையாக இருந்தது. கண்ணால் தேடியிருந்தால் நாள் முழுக்கத் தேடியிருக்கலாம். கணக்கைத் தொடர்ந்தால் நோயும் விளங்குகிறது. ஓடும் ஐசியும், மாஸ்ஃபெட்டின் ‘கேட்’ என்ற கட்டுப்பாட்டு முனையும் சேர்ந்து 15 மில்லி ஆம்பியர் எடுப்பதாகக் கொண்டால், நல்ல சி7 ஏறத்தாழ 19 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும். இந்தக் கெட்ட சி7 தாங்குவது ஒன்றரை மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேல். வெளியீட்டிலுள்ள 1000 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர்கள் இரண்டையும் 12 வோல்ட்டுக்கு நிரப்ப, 60 வாட் முழுவேகத்தில் தள்ளினாலும் 2.4 மில்லி விநாடி ஆகும். துணைச் சுற்று எழும்புவதற்குள் இருப்பு தீர்ந்துவிடுகிறது.

துணைச் சுற்றின் டயோடு அறுந்திருந்தாலும் பச்சை விளக்கு துடிக்கும், கேமரா ஓடாது. ஆனால் அப்போது சி7 நலமாக இருப்பதால் ஒலி நிதானமாக வரும். வெளியே ஒரே மாதிரி தெரியும் இரண்டு பழுதுகளை ஒலியின் வேகத்தால் பிரிக்கலாம் என்பதை, இத்தனை ஆண்டுகள் இந்த ஒலியைக் கேட்டுவந்த நான் ஒருநாளும் கணக்காகப் போட்டுப் பார்த்ததில்லை. காதுப் பழக்கத்தில் தெரியும். ஏன் என்று தெரியாது.

படத்தில் தொலைவு, போர்டில் அண்டை

புதிய கண்டென்சரைப் போட்டு அனுப்பியிருக்கலாம். எட்டாம் நாள் அதைச் செய்யத்தான் போனோம். அப்போது இளைஞர் கேட்ட கேள்வி: மூன்று ஆண்டில் இது மட்டும் ஏன் காய்ந்தது, பெரிய கண்டென்சரும் வெளியீட்டுக் கண்டென்சர்களும் ஏன் காயவில்லை?

வரைபடத்தில் அதற்குப் பதில் இல்லை. சி7 படத்தின் கீழ்மூலையில் இருந்தது. “சூடு கூடுதல்” என்று எழுதிய 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் மேலே, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருந்தது. நடுவே ஒரு சாண் காகிதம். போர்டிலோ இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. மாஸ்ஃபெட் அணையும் ஒவ்வொரு முறையும் எழும் மின்னழுத்தத் துள்ளலை அந்த ரெசிஸ்டர் வாங்கி வெப்பமாக்குகிறது. அந்த வெப்பம் முழுவதும் பக்கத்துக் கண்டென்சரின் உடலில் போய் இறங்கியிருக்கிறது. இவ்வகைக் கண்டென்சர்களின் ஆயுள், வெப்பம் ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் கூடும்போதும் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் அனைவரும் கைக்கொள்ளும் கணக்கு. அதில் இருந்ததோ 85 பாகை வரை மட்டுமே தாங்கும் வகை.

ரயில் அட்டவணை உவமையில் நான் விட்ட பாதி இதுதான். அட்டவணையில் அடுத்தடுத்து வரும் இரண்டு ஊர்களுக்கு நடுவே மலை இருக்கலாம். அட்டவணையில் தொலைவாகத் தெரியும் இரண்டு ஊர்கள் ஒரே வாய்க்காலின் இரு கரைகளாகவும் இருக்கலாம். மின்சாரம் வரைபடத்தின் கோடுகளில் போகிறது, வெப்பம் போர்டின் இடத்தில் போகிறது. ஆரியங்காவு மெக்கானிக் அதை உணர்ந்துதான் அந்த இரண்டு சொற்களை எழுதியிருக்கிறார். முதல் நாளே அதை வாசித்துக் காட்டிய நானும் கேட்ட அவரும் ஏன் அந்தக் குறிப்பு என்று யோசித்திருந்தால், ஒன்பது நாள் என்பது ஐந்தாகியிருக்கும்.

105 பாகை வகையில், 50 வோல்ட் தாங்கும் 47 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரைப் போர்டின் மறுபக்கம், கால்களுக்கு உறை மாட்டிச் சாய்த்து வைத்து ஒட்டினோம். இணைப்புக் கொடுத்ததும் ஒரு விநாடி அமைதி. பிறகு விளக்கு நின்று எரிந்தது. அந்த ஒரு விநாடியும் கணக்கில் அடங்கியதே: காலியான சி7 பூஜ்யத்திலிருந்து 16 வோல்ட்டுக்கு ஏற அவ்வளவு நேரம் பிடிக்கும்.

கைவராத பகுதி

வெளியீடு எவ்வளவு காட்டும் என்று மீட்டர் வைப்பதற்கு முன்பே சொல்லச் சொன்னேன். வெளியீட்டைக் கண்காணிக்கும் டிஎல் 431 என்ற ஐசி தன் கட்டுப்பாட்டுக் காலில் 2.5 வோல்ட் நிற்கும்படி பார்த்துக்கொள்ளும், மேலே 18 கிலோ ஓம், கீழே 4கே7, ஆகவே 12.07 என்றார். மீட்டர் 12.1 காட்டியது. இதுவரை சரி.

அடுத்த கேள்வியில் விழுந்தார். அந்த 18 கிலோ ஓம் அறுந்துவிட்டால் வெளியீடு என்ன ஆகும்? “வழி அறுந்தா ஒண்ணும் வராது” என்றார். உண்மை நேரெதிர். கட்டுப்பாட்டுக் கால் பூஜ்யத்துக்குப் போகும், டிஎல் 431 மின்னோட்டத்தை நிறுத்தும், ஆப்டோவின் விளக்கு அணையும், வெளியீடு போதவில்லை என்று நினைத்து ஐசி இன்னும் இன்னும் தள்ளும். 12 வோல்ட் எகிறிக் கேமராக்களைக் கொன்றுவிடும். வரிசையாகப் போகும் சுற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கு, வட்டமாகத் திரும்பித் தன்னையே திருத்திக்கொள்ளும் சுற்று இன்னும் வசப்படவில்லை. “எதுல ஆரம்பிச்சுப் படிக்கிறது அண்ணாச்சி, எங்க தொட்டாலும் நடுவுலதானே இருக்கு?” என்று கேட்டார். நல்ல கேள்வி. வட்டத்தின் ஓர் இடத்தை மனத்தால் வெட்டி, அங்கே மின்னழுத்தத்தைக் கொஞ்சம் உயர்த்தியதாக வைத்துக்கொண்டு, சுற்றி வரும் செய்தி அதைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னேன். புரிந்தது என்றார். 4கே7 அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அரை மணி நேரம் தாளைப் பார்த்துவிட்டு, வெளியீடு விழுந்துவிடும் என்று சரியாகச் சொன்னார். அரை மணி நேரம் என்பது அதிகம்தான். அதைக் குறைக்க இன்னும் இரண்டு மூன்று பெட்டிகள் வர வேண்டும்.

ஒன்பதாம் நாள் மாலை, பெட்டியை மூடுவதற்கு முன், ஆரியங்காவு மெக்கானிக்கின் தாளில் விடுபட்ட புள்ளியைக் கறுப்பு மையால் வைக்க அவரிடமே கொடுத்தேன். வைத்துவிட்டு, கடைக்கென்று தனியாக ஒரு நகலையும் வரைந்தார். நகலில் சி7ஐயும் 47 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் சேர்த்து, படத்தின் குறுக்கே ஒரு நீண்ட விட்டுவிட்ட கோட்டால் வளைத்து, “பக்கத்துல பக்கத்துல” என்று எழுதியிருந்தார். எந்தத் தரத்திலும் இல்லாத குறியீடு அது. நான் திருத்தவில்லை.